ஆற்றுக்கு அடியில் போகும் சாலை

பிர்கன்ஹெட், இங்கிலாந்து
7-4-85

அன்புள்ள அக்காவுக்கு,

சீனு எழுதுவது. குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஆரம்பித்துவிட்டதா?

நானும் ஆலையிலிருந்து என்னோடு பயிற்சிக்கு வந்த விழுப்புரம் மாசிலாமணியும் ஒரே வீட்டில் மாடியில் தங்கியிருக்கிறோம். எங்கள் சர்க்கரை ஆலைக்கு வரப்போகிற புது இயந்திரத்தைச் செய்கிற தொழிற்சாலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிவர்பூலில் இருக்கிறது. தினமும் போய்வர வாடகைக் கார் ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் ஓட்டுகிறேன். நம்மூர் மாதிரி இங்கேயும் இடது பக்கம்தான், அதனால் பயமில்லை. தொழிற்சாலைக்குப் போய்வர மட்டும்தான் வண்டி, சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஓர் அதிசயம் சொல். இங்கே சாலை ஆற்றின் மேலே போகவில்லை, அடியில் போகிறது. இரண்டு மைல் நீளச் சுரங்கம். தலைக்கு மேலே கப்பல் போகிறதாம், கீழே நாங்கள் காரில் போகிறோம். நுழைவதற்கு முன்னால் ஒரு சாவடி. ஒரு தொட்டியில் சில்லறையைப் போட்டால் பச்சை விளக்கு எரிந்து தடுப்புக் கம்பி மேலே போகும். முதல் நாள் நான் எறிந்த காசு வெளியே விழுந்துவிட்டது. பின்னால் பத்து வண்டிகள் நிற்க, மாசிலாமணி இறங்கிக் குனிந்து பொறுக்கினார்! ஒரு தடவை போக நம் பணத்துக்கு ஆறு ரூபாய் ஆகும். வாரத்துக்கு வேண்டிய சில்லறையைத் திங்கட்கிழமை ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
சீனுவாசன்


திண்டிவனம்
20-4-85

அன்புத் தம்பி சீனுவுக்கு,

உன் கடிதம் பார்த்து நிம்மதியானோம். அப்பாவுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது, இருந்தாலும் கழனிக்குப் போகாமல் இருப்பதில்லை. மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்ந்து முடிந்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

வழக்கம்போல உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஆத்துக்கு அடியில போறதுக்குக் காசு வாங்கறானே, மேல இருந்து தண்ணி ஒழுவுச்சுன்னா திருப்பிக் குடுப்பானா, கேட்டு எழுதச் சொல்லு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இன்னொன்று. அந்த ஊரில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்கள் என்று யார் சொல்லி அனுப்பியிருந்தாலும் தேடிக்கொண்டு போகாதே. வேலையைக் கற்றுக்கொண்டு வந்து சேர். இதை மட்டும் அப்பா சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அக்கா,
கிருஷ்ணவேணி


பிர்கன்ஹெட்
12-5-85

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும்.

அப்பாவின் கேள்வியைத் தொழிற்சாலையில் சொன்னேன். ஒரு மேஜை முழுக்கச் சிரித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். அவர் மனைவிக்கு லிவர்பூல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்திருந்தது. காலை ஏழு மணிக்கு, ரத்தம் நிற்கவில்லை, உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன். அவரிடம் வண்டி இல்லை. ஞாயிறு என்பதால் பஸ்ஸும் அந்த நேரத்துக்கு இல்லை. எனக்குப் போன் செய்தார். கையெழுத்துப் போட்ட நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஆனாலும் காரை எடுத்துவிட்டேன்.

சாவடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, உறையில் ஒரு காசுகூட இல்லை. வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. பர்ஸ் நான் மாட்டாமல் வந்த கோட்டில். நண்பர் பாக்கெட்டில் வீட்டுச் சாவி மட்டும்தான். கூண்டில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இருந்தார். "ஐயா, காசில்லை, இவர் மனைவி ஆஸ்பத்திரியில்" என்றேன். அவர் நண்பர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார். ஒரு சீட்டில் கார் நம்பரை எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "போ. பிறகு வந்து கட்டு" என்று கம்பியைத் தூக்கிவிட்டார். அதோடு விடவில்லை. வெளியே வந்து நின்று பக்கத்து வரிசைகளில் வந்த வண்டிகளைக் கையால் ஒதுங்கச் சொன்னார்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டாவது ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் கணவன் முகத்தை அந்தம்மா பார்த்துவிட்டார். பிழைத்தும்விட்டார். முகம் தெரியாத ஒரு மனிதர் எனக்குச் செய்த இந்த உதவியின் கடனை நான் எங்கே போய்த் தீர்ப்பேன்?

அப்பாவுக்கு வணக்கம்.

சீனு


திண்டிவனம்
24-5-85

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. மற்றபடி நாங்கள் சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அப்பா, "அந்தச் சிநேகிதரு பேரு இன்னா?" என்றார். எழுதவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஊர்க்காரராம்?" என்றார். அதுவும் எழுதவில்லை என்றேன். சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தப் பொம்பளைக்கு ஒடம்பு தேவலையான்னு கேட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

வாடகை வண்டியை இனிமேல் வேறு வேலைக்கு எடுக்காதே.

கிருஷ்ணவேணி


பிர்கன்ஹெட்
9-6-85

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அந்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார் என்று அப்பாவிடம் சொல்.

ஒரு சின்னச் சிக்கல். இருந்த கலவரத்தில் சாவடிப் பணத்தைக் கட்ட மறந்துவிட்டேன். கார் வாடகைக் கம்பெனி பெயரில் இருப்பதால் நோட்டீஸ் அங்கே போய், அங்கிருந்து தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று பயிற்சி அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். மாசிலாமணியும் கூடவே நின்றுகொண்டிருந்தார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி எழுந்து வந்து தோளில் கைவைத்து, "அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

அன்று மாலையே சாவடிக்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன். மீசைக்காரர் முதலில் கேட்டது, "அந்தம்மா எப்படி இருக்கிறார்?"

வேறு விசேஷம் இல்லை.

சீனு


திண்டிவனம்
30-6-85

சீனு,

அப்பாவும் நானும் நலம்.

நேற்று மாசிலாமணியின் மனைவி பாஞ்சாலி விழுப்புரத்திலிருந்து மயிலம் கோயிலுக்கு வந்தவள், நம் வீட்டுக்கும் வந்தாள். நல்ல வேளை, அப்பா கழனியில் இருந்தார். "ஒங்க அண்ணனை அங்க பார்த்துட்டாராமே ஒங்க தம்பி, எங்க வூட்டுக்காரர் எழுதியிருந்தாரு. அண்ணிக்கு இப்ப எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள். தேவலை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி எழுதுவதைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது. அதை நான் மட்டும் படிப்பேன்.

கிருஷ்ணவேணி


பிர்கன்ஹெட்
14-7-85

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து நீ நலமாக இருக்கிறாயா என்பதுதான் கவலை.

மன்னித்துவிடு. வீட்டுக்கு எழுதினால் நீ சத்தமாகப் படிக்கவேண்டும். அண்ணன் பெயரை எந்த வரியில் வைத்தாலும் உன் குரல் நின்றுவிடும் என்றுதான் எழுதவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் கூட்டேரிப்பட்டுக்குப் போய் லூர்துமேரி அண்ணியின் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன். இந்த ஊரில் வீடு பார்த்ததே அதற்காகத்தான். அண்ணி இங்கே நர்ஸ். அண்ணன் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தார், இரண்டு வருஷமாக வேலை இல்லை. பிள்ளைகள் இல்லை.

அவர் வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போனபோது எனக்குப் பதினாறு வயது, கடலூர் ஹாஸ்டலில் இருந்தேன். போனவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்ற கோபத்தோடுதான் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னை அடையாளம் தெரியாமல் இங்கிலீஷில் யார் என்று கேட்டார். "சீனு" என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஸ்வெட்டரை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தார். காசில்லை என்று தெரிந்ததும், "நீ இரு சீனு, நான் ஓடியே போயிடறேன்" என்று கதவைத் திறந்துகொண்டு சுரங்கத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார். மீசைக்காரர்தான் கூண்டிலிருந்து இறங்கி ஓடிவந்து, அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காரில் உட்காரவைத்தார். சுரங்கத்துக்குள் போகும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு என்னைத் தவிர ஆளு இல்லடா, எனக்கும் அவளைத் தவிர ஆளு இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் இருக்கேண்ணா" என்றேன்.

அண்ணி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், "ஏண்ணா எங்களுக்கு எழுதவே இல்ல?" என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பதினான்கு உறைகள். எழுபத்திரண்டிலிருந்து இந்த வருஷம் வரைக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று. எல்லாமே பிரிக்கப்படாமல் திரும்பி வந்தவை. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருக்கிறது.

கையெழுத்து யாருடையது என்று அண்ணன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சீனு


பிர்கன்ஹெட்
18-8-85

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது.

சீனு


திண்டிவனம்
2-9-85

அன்புத் தம்பி சீனுவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் போட்டுவிட வேண்டும் என்று தபால் ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது என் கையெழுத்துதான்.

முதல் கடிதம் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். "அவன் தபாலு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது, திருப்பிடு" என்றார். நான் எழுதித் தபால்காரர் கண்ணையனிடம் கொடுத்தேன். அந்த ஒன்றுதான், சீனு, அப்பா சொல்லி எழுதியது. மற்ற பதிமூன்றும் அப்பாவுக்குத் தெரியாது. பொங்கல் சமயத்தில் பள்ளிக்கூடம் லீவு. அப்பா கழனியில் இருக்கும்போது கண்ணையன் வருவார். "வாங்கிக்கம்மா, படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு, யாருக்குத் தெரியப் போவுது?" என்று ஒரு வருஷம் அவரேகூடச் சொன்னார். நான் வாங்கவில்லை.

அண்ணன் போனதால்தான் வானூரில் பேசி முடித்திருந்த என் சம்பந்தம் கலைந்தது. உனக்குத் தெரியும். அந்தக் கோபம் இரண்டு வருஷம் இருந்தது. பிறகு போய்விட்டது. ஆனால் நாலாவது கடிதத்தை வாங்கினால், முன்னால் மூன்றைத் திருப்பியதற்கு என்ன பதில் சொல்வது? அந்த வெட்கத்தில் அதையும் திருப்பினேன். அடுத்த வருஷம் வெட்கம் இன்னும் கூடியது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வந்து அப்பா, "தபாலு எதுனா வந்துச்சா?" என்று கேட்பார். நான் சரியாகத் திருப்பிவிட்டேனா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டு, "இல்லப்பா" என்பேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். மே மாதம் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அந்த நண்பர் பெயரை விசாரித்தாரே, அன்றுதான் எனக்கு உறைத்தது. பதிமூன்று வருஷமாக அவர் அந்தக் கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை அண்ணனிடம் அப்படியே காட்டு. அப்பா மேல் அவர் வருத்தம் வைக்கக்கூடாது. என் மேல் வைக்கட்டும்.

அண்ணி பிழைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? அந்த மனிதர் கம்பியைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் எந்த முகத்தோடு இருந்திருப்பேன்?

அக்கா,
கிருஷ்ணவேணி


பிர்கன்ஹெட்
20-9-85

அன்புத் தங்கை வேணிக்கு,

அண்ணன் அப்பாதுரை எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் நலமாக இருக்கிறோம். அவள் இப்போது மாடிப்படி ஏறுகிறாள். தமிழில் எழுதுகிற பழக்கம் விட்டுப்போனதால் கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைச் சீனு காட்டினான். நீ இவ்வளவு அழுதிருக்க வேண்டாம், அம்மா.

முதல் உறை திரும்பி வந்தபோது எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டாவது வந்தபோது மேரிதான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க தங்கச்சி எழுத்து தானேங்க? அப்ப அவ நல்லா இருக்கா" என்றாள். அதற்குப் பிறகு அதற்காகவே போட ஆரம்பித்தேன். உள்ளே பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வேணி. சில வருஷம் வெறும் வாழ்த்து அட்டைதான் வைத்தேன். எனக்கு வேண்டியது உறையின் மேல் நீ எழுதி அனுப்புவது.

எழுபத்தாறில் உன் எழுத்து திடீரென்று குண்டு குண்டாக, பலகையில் எழுதுகிற மாதிரி மாறியது. "வேணி டீச்சராயிட்டா போலிருக்கு" என்று மேரியிடம் சொன்னேன். சீனு வந்து நிஜம்தான் என்றதும் அவள் கைகொட்டிச் சிரித்தாள். எண்பதில் எழுத்து நடுங்கியிருந்தது. காய்ச்சலா, அப்பாவுக்கு ஏதாவதா என்று அடுத்த பொங்கல் வரைக்கும் தவித்தோம். எண்பத்தொன்றில் நேராக வந்தது. அன்றைக்கு மேரி பாயசம் வைத்தாள்.

நீ வாங்க மறுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உன்னிடமிருந்து தபால் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஒரு வரியும் இல்லாமல் நீ கிழித்துக் குப்பையில் போட்டிருந்தால், நீங்களெல்லாம் இருக்கிறீர்களா என்றே எனக்குத் தெரிந்திருக்காது. இதற்கு நான் உனக்கு நன்றிதான் சொல்லவேண்டும்.

அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் அண்ணன்,
அப்பாதுரை


திண்டிவனம்
14-10-85

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வேணியின் வணக்கம். இந்த உறையைத் தைரியமாக வாங்கிப் பிரியுங்கள். இங்கே நல்ல மழை. அப்பா நலம். நானும் இப்போது நலம்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மாலை வீட்டுக்கு வந்ததும், அப்பா கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவுடன், எதுவும் சொல்லாமல் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். "அண்ணன் அப்பாதுரை எழுதுகிறேன்" என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். நிறுத்தாமல் படித்தேன். 'நீ இவ்வளவு அழுதிருக்க வேண்டாம்' என்ற இடத்தில் என்னால் முடியவில்லை. அப்பா பொறுமையாக, "படிம்மா, மழ சத்தத்துல சரியா கேக்கல" என்றார். முழுக்கப் படித்தேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை, அண்ணா. "நான் மொத தடவை சொன்னதத்தான நீ செஞ்சிக்கினு இருந்த. வாண்டாம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். எனக்கும் வாய் வரல" என்றார். சோறு ஆறிப்போயிற்று. அப்படியே சாப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, "கூட்டேரிப்பட்டுக்குப் போலாம், ஜல்தி கெளம்பு" என்றார். எதற்கு என்று கேட்க எனக்குப் பயம். பஸ்ஸில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

அண்ணி, உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றோம். உங்கள் அம்மா வெளியே வந்தவர் அப்பாவைப் பார்த்ததும் பதறிப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்பா கையைக் கூப்பினார். "ஒங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்கு வந்துடுச்சாம்மா. இப்ப மாடிப்படி ஏறுதாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

உங்கள் அம்மா தயங்கி, "எங்களுக்கு ஜூன் மாசமே லெட்டர் வந்துடுச்சுங்க" என்றார்.

அப்பா, "அப்ப நாந்தான் எல்லாருக்கும் கடைசியா தெரிஞ்சிக்கினேனா?" என்று கேட்டு, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் அம்மாவும் அழுதார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கேட்கலாமா கூடாதா என்ற மாதிரி, "காபி எதுனா குடிக்கிறீங்களா?" என்றார்.

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "குடுங்கம்மா. சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலா."

அன்புடன்,
வேணி